இணையச் சதுரங்கத்தில் தோல்வி தொடர்கிறதா? அறிகுறியிலிருந்து பழுதைக் கண்டுபிடிக்கும் வழிமுறை

எங்கள் ஊர் நூலகத்தின் மாடி அறையில் ஞாயிறு காலைகளில் பத்துப் பன்னிரண்டு பேர் சதுரங்கம் ஆடக் கூடுகிறோம். மற்ற நாட்களில் அவரவர் கைப்பேசியில் லிச்செஸ் தளத்திலோ செஸ்.காம் தளத்திலோ ஆடுபவர்கள், ஞாயிறன்று தோற்ற ஆட்டங்களைக் கொண்டுவந்து, எங்கே தவறு நடந்தது என்று பார்க்கச் சொல்வார்கள். நான் பட்டம் பெற்ற ஆட்டக்காரன் அல்லன். ஆனால் சில ஆண்டுகளாக இந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்ததில், ஆள் மாறினாலும் பழுது மாறுவதில்லை என்பது தெரிந்துவிட்டது. ஏழெட்டுப் பழுதுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றை அறிகுறி வாரியாக, செலவில்லாத சோதனையிலிருந்து தொடங்கி இங்கே எழுதியிருக்கிறேன்.

"நான் தாக்கி ஆடுபவன்", "எனக்குப் பொறுமையான ஆட்டம்தான் வரும்" என்று பலரும் தங்கள் பாணியைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார்கள். பழுது பார்ப்பதற்கு அந்தத் தகவல் உதவாது. ஆட்டம் எந்த நகர்வில் உடைந்தது, அப்போது கடிகாரத்தில் எவ்வளவு நேரம் மிச்சமிருந்தது என்ற இரண்டு விவரங்கள் கிடைத்தால் போதும். பாணி என்று அவர் எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் எது என்பது பெரும்பாலும் அவற்றிலேயே தெரிந்துவிடும்.

தொடங்கும் முன்: 20 தோல்விகள், நான்கு குறிப்புகள்

ஒரே நேர அளவில் ஆடிய கடைசி 20 தோல்விகளை எடுத்துக்கொள்ளுங்கள். லிச்செஸ்ஸில் கணினி ஆய்வு இலவசம். அதே பக்கத்தில் ஒவ்வொரு நகர்வுக்கும் செலவான நேரத்தின் வரைபடமும் கிடைக்கும். ஒவ்வோர் ஆட்டத்திலும், நிலை யாருக்குச் சாதகம் என்று கணினி காட்டும் மதிப்பீடு முதன்முதலாக இரண்டு சிப்பாய் அளவுக்கு மேல் சரிந்த நகர்வைத் தேடுங்கள். கடைசியாக மேட் வாங்கிய நகர்வை விட்டுவிடுங்கள். அது முன்பே உடைந்துபோன ஆட்டத்தின் முடிவு மட்டுமே. அந்த நகர்வின் எண், அதற்குச் செலவிட்ட விநாடிகள், கடிகாரத்தில் மீதமிருந்த நேரம், ஆட்டம் தொடங்கிய மணி ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதுங்கள்.

தளம் காட்டும் துல்லிய விழுக்காட்டை இந்தத் தாளில் எழுத வேண்டாம். எதிராளி 12ஆவது நகர்வில் ராணியை இழந்து விலகிய ஆட்டத்தில் யாருக்கும் துல்லியம் உயர்வாகத்தான் வரும். கடும் போராட்டத்தில் நன்றாக ஆடித் தோற்றவருக்குக் குறைவாக வரும். பழுது எங்கே என்று அந்த எண் காட்டாது.

20இல் பாதிக்கு மேல் ஐந்து விநாடிக்குள் ஆடிய நகர்வில் உடைந்திருந்தால் அறிகுறி 1க்குச் செல்லுங்கள். காயைத் தியாகம் செய்த பிறகு உடைந்திருந்தால் 2, கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவாக இருந்தபோது உடைந்திருந்தால் 3, 40ஆவது நகர்வுக்குப் பிறகு உடைந்திருந்தால் 4. ஆட்டம் தொடங்கிய மணிகள் ஒரே இரவில் கொத்தாக விழுந்திருந்தால், மற்றவற்றை விட்டுவிட்டு நேரே 5க்குச் செல்லுங்கள்.

அறிகுறி 1: காய்கள் சும்மா பறிபோகின்றன

கைப்பேசியும் விரலும்

முதலில் விரலைச் சந்தேகியுங்கள். சிறிய திரையில் காயை இழுத்து விடும்போது பக்கத்துக் கட்டத்தில் விழுவது நாம் நினைப்பதைவிட அதிகம். லிச்செஸ் அமைப்புகளில், காயை இழுப்பதற்குப் பதிலாக இரண்டு கட்டங்களைத் தொட்டு நகர்த்தும் முறையைத் தேர்ந்தெடுக்கலாம். நகர்வை உறுதிசெய்யும் பொத்தான் இரண்டு தளங்களிலும் உண்டு. முன்கூட்டியே நகர்வைப் பதிந்துவைக்கும் பிரீமூவ் வசதியை ஒரு மாதம் அணைத்துவையுங்கள். எங்கள் குழுவில் கூரியர் அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு நண்பருடைய 20 தோல்விகளில் நான்கு, எதிராளி என்ன ஆடினார் என்று பார்க்கும் முன்பே பிரீமூவ் ஓடியதால் நேர்ந்தவை. அந்த அமைப்பை மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

எதிராளியின் நகர்வைப் பார்த்தீர்களா?

விரலில் குறையில்லை என்றால் அடுத்த காரணம் இதுதான். இந்த வழிமுறையில் மிக அதிகமாகப் பயன்படப் போகும் பகுதியும் இதுவே. உங்கள் திட்டத்தின் அடுத்த நகர்வை மனத்தில் வைத்துக்கொண்டு எதிராளிக்காகக் காத்திருக்கிறீர்கள். அவர் ஆடியவுடன் உங்கள் நகர்வை ஆடிவிடுகிறீர்கள். இடையில் அவருடைய நகர்வு எதைத் தாக்குகிறது என்ற கேள்வியே எழவில்லை. தாளில் இது, இரண்டு மூன்று விநாடிகளில் ஆடிய நகர்வில் பெரும் சரிவு என்று பதிவாகியிருக்கும்.

எங்கள் அறையில் நான் மூன்று பேரிடம் கண்ட ஓர் ஆட்டத்தைச் சொல்கிறேன் (கட்டத்தின் பெயரில் ஏ முதல் எச் வரையான எழுத்து நெடுவரிசையையும், 1 முதல் 8 வரையான எண் கிடைவரிசையையும் குறிக்கும்). வெள்ளை இ4, கறுப்பு இ5, குதிரை எஃப்3, குதிரை சி6, பிஷப் சி4. இதுவரை இத்தாலியன் ஓபனிங் எனும் தொடக்க முறை. இப்போது கறுப்பு தன் குதிரையை டி4இல் கொண்டுவந்து வைக்கிறது. இ5 சிப்பாய்க்குக் காவல் இல்லை. வெள்ளையின் கை பரபரக்கிறது. குதிரையால் அந்தச் சிப்பாயை எடுக்கிறது. கறுப்பு ராணி ஜி5க்கு வந்து ஒரே நேரத்தில் குதிரையையும் ஜி2 சிப்பாயையும் தாக்குகிறது. வெள்ளை, ராணிக்கும் யானைக்கும் சேர்த்துக் குறிவைக்கலாம் என்று குதிரையால் எஃப்7ஐ எடுக்கிறது. ராணி ஜி2ஐ எடுக்கிறது. யானை எஃப்1க்கு ஒதுங்க, ராணி இ4ஐ எடுத்துச் செக். பிஷப்பை இ2இல் வைத்து மறைத்தால், கறுப்புக் குதிரை எஃப்3க்குத் தாவி மேட். ராஜாவைச் சுற்றி எல்லாக் கட்டத்திலும் அவருடைய சொந்தக் காய்களே நிற்கின்றன. இ2 பிஷப்போ ராணியின் நேர்க்கோட்டில் கட்டுண்டு கிடக்கிறது. ஏழே நகர்வுகள்.

இதற்கு மருந்தாக யாரும் இந்தப் பொறியை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. மூன்றாவது நகர்வில் கறுப்புக் குதிரை டி4க்கு வந்தபோது, "இந்தச் சிப்பாயை ஏன் விட்டுக்கொடுக்கிறார்?" என்று ஐந்து விநாடி கேட்டிருந்தால், ராணியின் ஜி5 நகர்வு கண்ணில் பட்டிருக்கும், குதிரையைக் குதிரையால் எடுத்துவிட்டு நிம்மதியாக ஆடியிருக்கலாம். அதனால் சோதனையும் மருந்தும் ஒன்றுதான்: அடுத்த பத்து ஆட்டங்களில், எதிராளி ஒவ்வொரு முறை நகர்த்திய பின்பும், "இந்த நகர்வால் புதிதாக எந்தக் கட்டம் தாக்கப்படுகிறது? எந்தக் கட்டம் காவலை இழந்தது?" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். வீட்டில் இருப்பவர்கள் விநோதமாகப் பார்ப்பார்கள், பரவாயில்லை. இரண்டாவது கேள்வி முக்கியம், ஏனென்றால் எதிராளி செய்யும் பிழைகளும் அதில்தான் அகப்படும். 2014இல் சோச்சியில் நடந்த உலகப் பட்டப் போட்டியின் ஆறாவது ஆட்டத்தில், அப்போதைய உலக வாகையர் கார்ல்சன் 26ஆவது நகர்வாக ராஜாவை டி2இல் வைத்தது பெரும்பிழை; ஆனந்த் குதிரையால் இ5 சிப்பாயை எடுத்திருந்தால் ஆட்டத்தின் போக்கே திரும்பியிருக்கும். தன் திட்டத்திலேயே மனம் பதிந்திருந்த ஆனந்த், ஏ4 என்று ஆடிவிட்டு அந்த ஆட்டத்தில் தோற்றார். ஐந்து முறை உலக வாகை சூடியவருக்கே அந்த ஒரு கேள்வி தவறிப்போகும் என்றால், நாம் அதைப் பழக்கமாகவே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

கேள்வி கேட்டும் கண்ணில் படவில்லையா?

தவறவிட்ட காய்களை வகை பிரித்துப் பாருங்கள். பலகையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை பாயும் பிஷப்பும், பின்னோக்கித் தாவும் குதிரையும்தான் பலருக்குக் கண்ணில் படுவதில்லை. இதற்குப் புதிர்ப் பயிற்சி வேண்டும். ஆனால் மேட் புதிர்கள் வேண்டாம், காவலில்லாத காயைக் கண்டுபிடிக்கும் எளிய புதிர்களைத் தலைப்பு வாரியாகத் தேர்ந்தெடுத்து நாளுக்கு 15 நிமிடம் செய்யுங்கள். விடையை ஊகித்து நகர்த்தாமல் கடைசி நகர்வு வரை மனத்தில் பார்த்துவிட்டுத்தான் முதல் நகர்வைத் தொட வேண்டும்.

எப்போது நிபுணரிடம் போவது? ஆறு வாரம் இப்படிச் செய்தும், காலையில் நன்றாகவும் மாலையில் மோசமாகவும் காய்கள் கண்ணுக்குத் தப்பினால், முதலில் கண் மருத்துவரைப் பாருங்கள். சதுரங்கப் பயிற்சியாளரிடம் பிறகு போகலாம். எங்கள் குழுவில் ஐம்பதைத் தாண்டிய ஒருவருக்குத் தேவைப்பட்டது புதிய கண்ணாடிதான்.

அறிகுறி 2: தாக்குதல் அமர்க்களமாகத் தொடங்கிப் பாதியில் வற்றுகிறது

பாணியைப் பற்றி அதிகம் பேசுபவர்களின் பழுது இது. பிஷப்பை எச்7இல் தியாகம் செய்வார்கள், மூன்று நகர்வு செக் சொல்வார்கள், பிறகு ஒரு காய் குறைவாக வைத்துக்கொண்டு 30 நகர்வு தவிப்பார்கள். 20 தோல்விகளில் எத்தனையில் நீங்களாகவே காயைக் கொடுத்தீர்கள் என்று எண்ணுங்கள். ஐந்துக்கு மேல் இருந்தால் கீழே உள்ள சோதனைகளைச் செய்யுங்கள்.

எச்7 தியாகத்தையே எடுத்துக்கொள்வோம். பிஷப் எச்7ஐ எடுத்து, ராஜா அதை எடுத்து, குதிரை ஜி5இல் செக் சொல்லி, ராணி எச்5க்கு வர வேண்டும். இது பலிக்கப் பலகையில் சில வசதிகள் முன்பே இருக்க வேண்டும். கறுப்பின் குதிரை எஃப்6இல் இருக்கக் கூடாது. அது இருந்தால் எச்7க்கும் எச்5க்கும் காவல். அது அங்கே திரும்பி வராமல் தடுக்க உங்கள் சிப்பாய் இ5இல் நிற்பது நல்லது. ஜி5க்கு வரும் குதிரையைக் கறுப்பு ராணியோ இ7 பிஷப்போ சும்மா எடுத்துவிடாதபடி, சி1 பிஷப்பின் பாதை திறந்திருக்க வேண்டும். கடைசியாக, பி1இலிருந்து எச்7 வரை செல்லும் மூலைக்கோட்டில் கறுப்பு ஒரு காயை வைத்து எச்7ஐக் காக்க முடியாதிருக்க வேண்டும். இவற்றில் ஒன்று இல்லையென்றாலும் தியாகத்தைத் தள்ளிப்போட்டு, இல்லாததை முதலில் உண்டாக்குங்கள். பெரும்பாலும் இரண்டு நகர்வு போதும்.

பொதுவான சோதனை இன்னும் எளியது. எதிர் ராஜாவைச் சுற்றி நீங்கள் கொண்டுவரக்கூடிய காய்களை எண்ணுங்கள். அங்கே காவலிருக்கும் காய்களை எண்ணுங்கள். உங்கள் எண்ணிக்கை அதிகமாக இல்லாவிட்டால் தாக்குதல் வற்றத்தான் செய்யும். ஏ1 யானையும் பி1 குதிரையும் பிறந்த கட்டத்திலேயே நிற்க, ராணியும் பிஷப்புமாகப் படையெடுத்த ஆட்டங்களை நான் கணக்கில்லாமல் பார்த்துவிட்டேன்.

இந்தப் பழுதுள்ளவர்கள் ஓபனிங் காணொளிகளுக்குப் பணம் கட்டும் முன், தங்களைத் தோற்கடித்தவர்களின் பக்கத்திலிருந்து அந்த ஆட்டங்களைப் பாருங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. பலகையைத் திருப்பி வைத்துப் பார்த்தால், எதிராளி பதறாமல் எந்த ஒரு நகர்வில் தாக்குதலை முடித்துவைத்தார் என்பது தெளிவாகத் தெரியும்.

அறிகுறி 3: நல்ல நிலையில் இருக்கும்போது நேரம் முடிந்துவிடுகிறது

முதலில் இணைப்பைப் பாருங்கள். உங்கள் நகர்வு பதிவாகத் தாமதமாகிறதா, கடிகாரம் நின்று நின்று குதிக்கிறதா? கைப்பேசியில் பின்னணியில் ஓடும் செயலிகளை மூடி, வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாறிப் பத்து ஆட்டம் ஆடுங்கள். சிக்கல் மறைந்தால் வீட்டு இணைப்பில்தான் கோளாறு. ரவுட்டருக்கு அருகில் அமர்ந்தும் தொடர்ந்தால் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தைக் கூப்பிடுங்கள். இதற்குச் சதுரங்க மருந்து கிடையாது.

இணைப்பு சரி என்றால் நேர அளவைப் பாருங்கள். 40 நகர்வு ஆட்டத்தில் பிளிட்ஸ் எனப்படும் 3 நிமிட அதிவேக ஆட்டம் உங்களுக்குக் கொடுப்பது நகர்வுக்கு 4.5 விநாடி. 10 நிமிட ஆட்டம் 15 விநாடி கொடுக்கிறது. 15 நிமிடத்தோடு நகர்வுக்கு 10 விநாடி கூடும் ஆட்டம் ஏறத்தாழ 32 விநாடி கொடுக்கிறது. அறிகுறி 1இல் சொன்ன கேள்விக்கே ஐந்து விநாடி வேண்டும் என்பதால், 3 நிமிட ஆட்டத்தில் அதைப் பழகவே முடியாது. விநாடி கூடாத ஆட்டங்களை இரண்டு மாதம் முழுமையாக விட்டுவிடுங்கள். இங்கே பலருக்கும் பழுது இந்த ஒரு மாற்றத்திலேயே நீங்கிவிட்டது.

அப்படியும் நேரம் போதவில்லை என்றால் நகர்வு நேர வரைபடத்தைத் திறந்து, மிக உயரமான மூன்று கோடுகளைப் பாருங்கள். அவை எங்கே விழுந்திருக்கின்றன? எட்டாவது நகர்வில், பிஷப்பை இ2இல் வைப்பதா டி3இல் வைப்பதா என்று இரண்டு நிமிடம் யோசித்திருந்தால், இரண்டுமே நன்றாக இருந்த இடத்தில் நேரத்தைக் கொட்டியிருக்கிறீர்கள். காய் பரிமாற்றமோ, எதிராளியின் சிப்பாய் அமைப்பை உடைக்கும் சிப்பாய் முறிப்போ வந்த இடத்தில் யோசித்திருந்தால் அது நியாயமான செலவு. நான் சொல்லிக்கொடுக்கும் கட்டுப்பாடு ஒன்றுதான்: மோதல் இல்லாத இடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் யோசிக்காதீர்கள், முதலில் தோன்றிய நல்ல நகர்வை ஆடிவிடுங்கள்.

அறிகுறி 4: வெல்ல வேண்டிய ஆட்டம் ட்ரா ஆகிறது, அல்லது கடைசியில் கைநழுவுகிறது

ஸ்டேல்மேட் ஆகிறதா?

ராணியும் ராஜாவும் வைத்துக்கொண்டு தனி ராஜாவை மேட் செய்ய முடியாமல் ஸ்டேல்மேட்டில் முடிப்பவர்கள் ஒரு விதியை மட்டும் நினைவில் வையுங்கள். எதிர் ராஜா மூலைக் கட்டத்தில் இருக்கும்போது, உங்கள் ராணி அதிலிருந்து குதிரைத் தாவல் தொலைவில் நிற்கக் கூடாது. ராஜா ஏ8இல் இருக்க ராணி பி6இலோ சி7இலோ வந்தால், செக்கும் இல்லை, போக இடமும் இல்லை. வேறு காய் இல்லாத எதிராளிக்கு ட்ரா. ராணியை வைத்து ராஜாவை ஓரத்து வரிசையில் அடைத்த பிறகு அவளைத் தொடாமல், உங்கள் ராஜாவை அருகில் நடத்தி வாருங்கள். இதைக் கணினியோடு இருபது முறை செய்தால் வாழ்நாளுக்கும் தீர்ந்தது.

சிப்பாய் ஆட்டத்தில் தோற்கிறீர்களா?

இங்கே பழுது ஆட்டத்தின் முடிவில் தெரிகிறது. காரணம் அதற்கு முன் நடந்த காய் மாற்றத்தில் இருக்கிறது. 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில், உலகப் பட்டப் போட்டியின் 14ஆவது ஆட்டத்தில், அப்போதைய உலக வாகையர் டிங் லிரென் 55ஆவது நகர்வாகத் தன் யானையை எஃப்2இல் வைத்தார். அதுவரை அவர் ட்ரா செய்துவிடக்கூடிய ஆட்டம்தான். குகேஷ் யானைகளை மாற்றினார். பிறகு பிஷப்பை டி5இல் வைத்துப் பிஷப்புகளையும் மாற்றினார். ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்த குகேஷுக்கு, காய்களெல்லாம் போன பிறகு மிஞ்சிய சிப்பாய் ஆட்டம் வெற்றியாகிவிட்டது. 18 வயதில் அவர் உலக வாகை சூடியது அந்த மாற்றத்தில்தான். நம்மைப் போன்றவர்கள் அந்த ஆட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய சோதனை: கடைசி யானையையோ கடைசிப் பிஷப்பையோ மாற்றும் முன், பலகையில் ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சினால் யாருடைய ராஜா முன்னால் நிற்கிறது என்று பாருங்கள்.

ஒற்றைச் சிப்பாய் ஆட்டத்துக்கு ஒரு நல்ல அளவுகோல் உண்டு. உங்கள் ராஜா உங்கள் சிப்பாய்க்கு முன்னால், ஆறாவது வரிசையை அடைந்துவிட்டால், நகர்வு யாருடையதாக இருந்தாலும் வெற்றி. ஓரத்து ஏ, எச் சிப்பாய்களுக்கு இது பொருந்தாது. எதிர் ராஜா மூலைக்குள் புகுந்துவிட்டால் அங்கே ட்ராதான். லிச்செஸ்ஸின் பயிற்சிப் பகுதியில் இந்த நிலைகளைக் கணினிக்கு எதிராக ஆடிப் பார்க்கலாம், கட்டணம் இல்லை.

யானை இறுதி ஆட்டங்கள் வேறு கதை. அவற்றைப் புத்தகமும் பலகையும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பழக வேண்டும். தாளில் உள்ள தோல்விகளில் நான்கைந்து யானை ஆட்டங்களாக இருந்தால், பயிற்சியாளருக்குச் செலவிடும் பணம் இங்கே நன்றாகவே பயன்படும்.

அறிகுறி 5: ஒரே இரவில் ரேட்டிங் சரிந்துவிட்டது

ரேட்டிங் என்பது வெற்றி தோல்வியை வைத்துத் தளம் தரும் வலிமைப் புள்ளி. அதில் எல்லாச் சரிவும் பழுதல்ல. உங்களுக்குச் சமமானவர்களோடு ஆடும்போது தொடர்ந்து ஐந்து தோல்வி என்பது நூறு ஆட்டத்தில் ஒன்றிரண்டு முறை தானாகவே நேரக்கூடியது. ஓர் ஆட்டத்துக்கு ஏழெட்டுப் புள்ளி என்று வைத்தால் 40 புள்ளி வரை கீழே போகலாம். இதற்கு மருந்து வேண்டாம். நீண்ட நாள் ஆடாமல் திரும்பி வந்தாலும் முதல் சில ஆட்டங்களில் புள்ளிகள் பெரிதாக ஏறி இறங்கும். உங்கள் வலிமை குறித்துத் தளத்தின் கணக்கில் உறுதி குறைந்திருப்பதே காரணம்.

பழுது எது என்பதற்கு ஒரு நண்பரின் ஓர் இரவுப் பதிவைக் காட்டுகிறேன். 5 நிமிட ஆட்டங்கள், இரவு 11.10க்கு ரேட்டிங் 1184. முதல் ஆட்டத்தில் வெல்லும் நிலையில் ராணியை இழந்தார். அடுத்த ஆட்டம் நான்கே விநாடியில் தொடங்கியது. அதன் பிறகு 14 ஆட்டம் வரை, இரண்டு ஆட்டங்களுக்கு இடையில் பத்து விநாடிகூட இடைவெளி இல்லை, 11 தோல்வி, 3 வெற்றி, 12.40க்கு ரேட்டிங் 1120. முதல் ஆட்டத்தில் நகர்வுக்குச் சராசரியாக 7 விநாடி யோசித்தவர், கடைசி ஆட்டத்தில் மேட் வாங்கியபோது கடிகாரத்தில் 3 நிமிடம் 20 விநாடி மீதம் வைத்திருந்தார். அந்த 3 நிமிடம் 20 விநாடியை நான் அவருக்குச் சுட்டிக்காட்டியபோது நெடுநேரம் பேசாமல் இருந்தார். அந்த நேரத்தில் அவர் எதிராளியோடு ஆடவில்லை. போன 64 புள்ளியை மீட்கத்தான் ஆடிக்கொண்டிருந்தார்.

சோதனைகளை வரிசையாகச் செய்யுங்கள். தாளில் ஆட்ட இடைவெளிகளைக் குறியுங்கள். தோல்விக்குப் பின் இடைவெளி குறைகிறதா? தோற்ற ஆட்டங்களின் முடிவில் கடிகாரத்தில் பாதிக்கு மேல் மீதமிருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் கீழே உள்ளவற்றில் முதலாவதிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டு தோல்விக்குப் பின் அன்றைக்கு நிறுத்துவது என்ற எல்லையை ஆடத் தொடங்கும் முன்பே எழுதிவையுங்கள். லிச்செஸ் அமைப்புகளில் ரேட்டிங்கை மறைத்துவைக்கும் வசதி உண்டு. எண் கண்ணில் படாதபோது அதைத் துரத்தும் கையும் ஓய்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும், அடுத்த ஆட்டத்துக்கு முன், உடைந்த நகர்வை மட்டும் தேடிப் பார்ப்பதைக் கட்டாயமாக்குங்கள். இரண்டு நிமிடம் ஆகும், அந்த இரண்டு நிமிடமே மருந்து. இவை போதவில்லை என்றால் கைப்பேசியிலிருந்து செயலியை நீக்கிவிட்டுக் கணினியில் மட்டும் ஆடுங்கள்.

நிபுணரின் உதவி தேவைப்படும் இடமும் இந்த அறிகுறியில் உண்டு. அதைச் சொல்லத் தயங்கக் கூடாது. நிறுத்த நினைத்தும் நிறுத்த முடியாமல், தூக்கமும் படிப்பும் வேலையும் வாரக்கணக்கில் கெடுகிறது என்றால், அது சதுரங்கப் பழுது அல்ல. மருத்துவரிடமோ மனநல ஆலோசகரிடமோ பேசுங்கள். அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416 இலவசம். மாணவர்களாக இருந்தால் பெற்றோர் திட்டாமல் அருகில் அமர்ந்து பேசுவது அதற்கும் முன்னால் வர வேண்டும்.

அறிகுறி 6: மாதக்கணக்கில் ரேட்டிங் அசையவில்லை

முதலில் எதிர்பார்ப்பைச் சோதியுங்கள். ரேட்டிங்கைக் கணிக்கும் எலோ முறைப்படி, உங்களைவிட ரேட்டிங்கில் 200 புள்ளி கூடுதலாக உள்ளவரிடம் நூறு ஆட்டத்துக்கு 24 ஆட்டப் புள்ளிதான் (வெற்றிக்கு ஒன்று, ட்ராவுக்கு அரை) எதிர்பார்க்கலாம். 100 புள்ளி கூடுதலானவரிடம் 36. உங்களைவிடக் குறைந்தவரிடம் நான்கு ஆட்டத்தில் ஒன்று தோற்பதும் இயல்பே.

அடுத்து, கறுப்பில் உங்கள் வெற்றி விகிதம் வெள்ளையைவிட மிகவும் தாழ்ந்திருக்கிறதா என்று தளத்தின் புள்ளிவிவரப் பக்கத்தில் பாருங்கள். சிறு வேறுபாடு எல்லோருக்கும் உண்டு. பெரிதாக இருந்தால் கறுப்புக்கு ஓபனிங் இல்லை என்று பொருள். இ4க்கு ஒன்று, டி4க்கு ஒன்று என இரண்டே பதில்களைத் தேர்ந்து ஆறு மாதம் மாற்றாமல் ஆடுங்கள். மாறாக, வெள்ளையில் எல்லா ஆட்டத்திலும் லண்டன் அமைப்பையே, எதிராளி என்ன ஆடினாலும் அதே எட்டு நகர்வுகளாக ஆடுபவர்கள் தேங்கிப்போவதையும் பார்க்கிறேன். லண்டன் நல்ல அமைப்புதான். ஆனால் முதல் எட்டு நகர்வில் யோசிக்காமல் பழகிய மனம் ஒன்பதாவதில் திடீரென்று யோசிக்கத் தொடங்குவதில்லை.

இவற்றில் எதுவும் இல்லாமல், தாளில் உடைந்த நகர்வுகள் ஒவ்வொன்றும் வெவ்வேறு வகையாகச் சிதறிக் கிடந்தால், நல்ல பயிற்சியாளரிடம் போக வேண்டிய நேரம் இதுதான். அவரிடம் 20 தோல்விகளையும் அந்தத் தாளையும் கொடுங்கள். ஆட்டங்களைப் பார்க்காமலேயே ஓபனிங் பாடத்தைத் தொடங்குபவராக இருந்தால் வேறொருவரைத் தேடுங்கள்.

அறிகுறி 7: எதிராளி கணினி உதவியோடு ஆடுகிறார் என்று தோன்றுகிறது

சுருக்கமாகச் சொல்கிறேன். உரையாடல் பெட்டியில் குற்றம் சாட்டாதீர்கள். ஆட்டத்தைப் பார்த்து, அவர் எளிய நகர்வுக்கும் கடினமான நகர்வுக்கும் ஒரே அளவு நேரம் எடுத்திருக்கிறாரா என்று கவனியுங்கள். சந்தேகம் நிலைத்தால் தளத்தின் புகார்ப் பொத்தானை அழுத்திவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போங்கள். ஏமாற்றியது உறுதியானால் இழந்த புள்ளிகளை இரண்டு தளங்களுமே திருப்பித் தருகின்றன. வாரத்துக்கு மூன்று நான்கு பேர்மீது இந்தச் சந்தேகம் வருகிறது என்றால் அறிகுறி 5க்குத் திரும்புங்கள்.

அறிகுறி 8: இணையத்தில் நன்றாக ஆடுகிறேன், நேரில் அமர்ந்தால் தோற்கிறேன்

எண்களை ஒப்பிடுவதால் எழும் மனக்குறையை முதலில் அகற்றுங்கள். லிச்செஸ் புதியவரை 1500இல் தொடங்கவைக்கிறது. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பான ஃபிடேயில் 2024 மார்ச் முதல் மிகக் குறைந்த ரேட்டிங்கே 1400. இரண்டும் வெவ்வேறு கூட்டத்துக்குள் எடுத்த அளவுகள். லிச்செஸ்ஸில் 1700 என்பதால் போட்டியில் 1600 ஆட்டக்காரரை வெல்வோம் என்று எண்ணுவதற்கு அடிப்படை இல்லை.

அடுத்தது கண். திரையில் பலகையை மேலிருந்து பார்க்கிறோம். மேசையில் சாய்வாகப் பார்க்கிறோம். முன்வரிசைச் சிப்பாய்களுக்குப் பின்னால் நிற்கும் பிஷப் சாய்வுப் பார்வையில் மறைந்துவிடுகிறது. எதிராளியின் கடைசி நகர்வுக்கு யாரும் வண்ணமிட்டுக் காட்டுவதில்லை; விதிமீறிய நகர்வைத் திரை தடுப்பதுபோல் மேசை தடுப்பதில்லை; தொட்ட காயை ஆடித்தான் ஆக வேண்டும். கடிகாரத்தை அழுத்துவதும் நகர்வைத் தாளில் எழுதுவதும் பழகாத கைக்குப் பெரிய இடையூறுகள். எங்கள் குழுவில் பதினொன்றாம் வகுப்பு படிக்கும் ஒரு மாணவி, மாவட்டப் போட்டியில் முதல் மூன்று சுற்றும் தோற்றுத் திரும்பினாள். நாங்கள் செய்தது இவ்வளவுதான்: இணையத்தில் ஆடும்போது ஒவ்வொரு நகர்வையும் பக்கத்தில் வைத்த நிஜப் பலகையிலும் நகர்த்திவிட்டு, அந்தப் பலகையைப் பார்த்தே யோசித்து, நகர்வைத் தாளில் எழுதிய பிறகு திரையில் ஆடச் சொன்னோம். 15 நிமிடத்தோடு 10 விநாடி கூடும் ஆட்டத்தில் இதற்கு நேரம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் திரையைப் பார்ப்பது நகர்வைப் பதிவதற்கு மட்டும் என்றாகிவிட்டது.

போட்டிக்குப் பெயர் கொடுப்பதற்கு முன் இப்படி 30 ஆட்டமாவது ஆடுங்கள். அதன் பிறகும் நேரில் கை நடுங்கினால், உள்ளூர்க் கழகத்தில் கடிகாரம் வைத்து ஆடும் பயிற்சிச் சுற்றுகளில் சேருங்கள். விதிகளில் ஐயம் இருந்தால் சுற்று தொடங்கும் முன்பே நடுவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.